மறைப்பதும் எரிப்பதும்



நம்ம பேச்சிப்பாறையில் ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் புரை வைத்திருப்பவர்கள் இதை அவசியம் வாசிக்கணும்.

1760-ல் சுமத்ராவில் ஆங்கிலேயரின் மார்ல்பரோ கோட்டையைப் பிரெஞ்சுக்காரர் பிடித்தனர். அதற்குக் காப்பீடு எடுத்திருந்த ஆளுநர் கார்ட்டர் பணம் கேட்டார். கோட்டையின் பலவீனத்தை மறைத்துவிட்டார் என்று காப்பீடு கொடுத்தவர் மறுத்தார். 1766-ல் நீதிபதி மான்ஸ்ஃபீல்டு இரு தரப்புக்குமே நேர்மை வேண்டும் என்றார்: எடுப்பவர் தனக்கு மட்டுமே தெரிந்ததை மறைக்கக்கூடாது, கொடுப்பவர் விசாரித்தால் தெரிந்திருக்கும் ஆபத்தைப் பிறகு சாக்காகச் சொல்லக்கூடாது. கார்ட்டருக்கே வெற்றி.

2023-ல் ஒரு கிடங்குத் தீ வழக்கில் நம் உச்ச நீதிமன்றம், எடுத்தவரே தீ வைக்காதவரை, தீப்பிடித்த காரணம் முக்கியமல்ல என்றது. அவர்தான் வைத்தார் என்றால், அதை நிரூபிப்பது கம்பெனியின் பாடு.

ஆகவே வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீங்க. புகை போடுவதை எழுதுங்க. நகலும் வாங்கி வையுங்க.