உவர்க்கிணத்தடியில் அகில்

டுபாயிலிருந்து வந்த பெறாமகன் விரல்நுனி அளவில் ஒரு கரிய கட்டைத் துண்டைத் தந்தான். அங்கே அதற்கு ஊத் என்று பெயராம். சிரட்டைத் தணலில் வைத்ததும் உடுப்பிட்டி வீட்டு விறாந்தை முழுக்க மணந்தது. நமக்கு அது அகில். சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார் அருமணவன், தக்கோலி, கிடாரவன், காரகில் என வகை சொல்கிறார். பெயருக்குள்ளேயே கப்பல் வந்த திசை. அருமணம் பர்மாப் பக்கம். நம் பக்கத்து வல்வெட்டித்துறைப் பாய்க்கப்பல்கள் பிற்காலத்தில் போய்வந்த கரை.

நோயில்லாத அகில் மரத்தை வெட்டினால் வெளிறிய, பாரமற்ற, மணமேயில்லாத கட்டைதான் கிடைக்கும். பூச்சி துளைக்க வேண்டும், கிளை முறிய வேண்டும், காயத்தில் பூஞ்சை புக வேண்டும். அப்போதுதான் மரம் உள்ளே சேர்த்து வைத்த மாப்பொருளைச் செலவழித்துப் பிசின் சுரந்து புண்ணைச் சுற்றி அடைக்கிறது. அந்த மருந்துதான் மணக்கிறது. நன்றாக ஊறிய கட்டை தண்ணீரில் தாழும்; சீனர் வைத்த பெயரே ‘மூழ்கும் வாசனை’.

அதுவரை பொறுக்க மனிதருக்கு மனமில்லை. ஆணி அடித்தார்கள், கோடரியால் கொத்தினார்கள். 1990களில் தொடங்கி மினசோட்டாப் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் பிளான்செட் குழு வியட்நாமில் கண்ட வழி இன்னும் நுட்பமானது: மரத்தைத் துளைத்துச் சிறு குழாயைச் செருகிவிடுவது. புண் மூடாது. கொடுமையான வைத்தியம்தான்.

இலங்கையிலும் அகிலின் உறவு உண்டு. தென்மேற்குக் காடுகளின் வல்லப்பட்டை. கிராமத்தவர் அதன் பட்டையை உரித்துக் கயிறாகக் கட்டினார்கள். அதிலும் அகிற்பிசின் உண்டென்று ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இல் எழுதினார்கள். அந்த இனம் 2005 முதலே சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருந்தும், கட்டுநாயக்காவில் சுங்கம் பயணப்பைகளுக்குள் அதைப் பிடித்துக்கொண்டே இருக்கிறது.

“எங்கட வளவில வைச்சா என்ன சித்தப்பா? வெயில் இருக்கு, உவர்த்தண்ணி இருக்கு. மரத்துக்கு வருத்தம்தானே வேணும்?”

முழுப் பிழையென்று சொல்ல முடியவில்லை. ஆய்வுகூடத்தில் வளர்த்த அகில் திசுவுக்கு உப்புக் கொடுத்தபோது பிசினின் கூறுகள் உண்டாகியிருக்கின்றன. ஆனால் அது போத்தலுக்குள் இருந்த திசு. வல்லப்பட்டை வளரும் ஈரவலயத்தில் ஆண்டுக்கு 2500 மில்லிமீற்றருக்கு மேல் மழை. நமக்கு அதில் பாதியளவு, அதுவும் பெரும்பாலும் ஐப்பசி கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். முதலில் மரம் கொழுக்க வேண்டுமே, பிறகல்லவா காயம்.

அவன் கிணத்தடிக்குப் போய் ஒரு வாளி அள்ளினான். ஒரு மிடறு வாயில் வைத்துவிட்டுத் துப்பினான்.