சுளுக்குக்குத் தண்டனை தலையணைக்கு

காலையில் கழுத்து ஒரு பக்கம் திரும்ப மறுத்தால், பழைய வீடுகளில் முதலில் மாட்டுவது தலையணைதான். அதை மொட்டைமாடி வெயிலில் போட்டால் சுளுக்கு விட்டுவிடும் என்பார்கள். கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் பாதி நியாயம் உண்டு. நாள்பட்ட இலவம் பஞ்சு ஈரம் கோத்து, அழுந்தி, கட்டி தட்டிப்போகும். வெயில் பட்டால் மறுபடி உப்பும். அன்றிரவு தலை இருக்கும் உயரமே வேறு.

தலையணை இல்லாமல் வழிநடந்து களைத்தவர்களுக்கு அன்று திண்ணைதான் விடுதி. தமிழ்நாட்டின் பழைய திண்ணைகள் பலவற்றில் ஒரு முனையைச் சரிவாக உயர்த்தி, காரையிலேயே தலைக்குத் திண்டு கட்டியிருப்பார்கள். மல்லாந்து படுப்பவருக்கு அது போதும். ஒருக்களித்துப் படுத்தால்தான் தொல்லை: தோளின் அகலத்துக்குத் தலை உயராவிட்டால் கழுத்து கீழ்ப்பக்கம் வளையும். கையை மடித்து முட்டுக்கொடுக்க வேண்டியதுதான்.

இந்தச் சிக்கலைத் தீர்த்தது பஞ்சு. இலவம் பஞ்சுக்குப் பேர்போன ஊர் போடிநாயக்கனூர். இழை வழவழப்பானது, நூற்க வராது. உள்ளே குழல் போல வெற்றிடம், அதில் காற்று. இந்தக் குணத்துக்காகவே ஒரு காலத்தில் கப்பல்களின் உயிர்காப்பு உடுப்புகளுக்குள்ளும் அதை அடைத்தார்கள். தலையணை தைப்பவரிடம் "ரெண்டு பிடி கொறச்சுப் போடுங்க" என்று சொல்லலாம். தாத்தாவுக்கு மெல்லியது, ஒருக்களித்துப் படுப்பவருக்குத் தடித்தது. சில வருடம் கழித்து உறையைப் பிரித்து, பஞ்சை அடித்து, குறைந்ததைச் சேர்த்து மறுபடி தைப்பார்கள். ஒவ்வொரு கழுத்துக்கும் ஒரு கணக்கு இருந்தது.

1929-இல் இங்கிலாந்தின் டன்லப் நிறுவனத்தில் இ.ஏ. மர்ஃபி ரப்பர் பாலை நுரைக்க அடித்து, அச்சில் ஊற்றி இறுக வைத்தார். அப்படிப் பிறந்த நுரை தமிழ் வீடுகளுக்கு 'டன்லப் பில்லோ'வாக வந்து சேர்ந்தது. யார் செய்த நுரையானாலும் பெயர் அதுதான். அதே டன்லப் 1959-இல் அம்பத்தூரில் ஆலை திறந்தது, ஆனால் டயருக்காக.

நுரை அழுந்தினாலும் நிமிரும், அடிக்க வேண்டாம். உயரத்தை மட்டும் படுப்பவர் தீர்மானிக்க முடியாது. அதை அச்சு தீர்மானித்துவிட்டது. குப்புறப் படுப்பவருக்கோ எந்தத் தலையணையும் உதவாது, கழுத்து மணிக்கணக்கில் ஒரு பக்கமே திருகிக் கிடக்கும்.

இப்போது கடைகளில் ஜிப் வைத்த தலையணை விற்கிறார்கள். திறந்து, உள்ளிருப்பதில் கொஞ்சத்தை எடுத்துவிட்டு உயரத்தைக் குறைத்துக்கொள்ளலாமாம். விலைதான் இலவம் பஞ்சுத் தலையணையைப் போலப் பல மடங்கு.