ரிக்கார்டு வயசும் உள்ள வயசும்
எல்லைமலைத் தமிழர் வாழ்க்கையும் வாழ்நாள் வளர்ச்சி ஆய்வும்

1877ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் இரண்டு காரியங்கள் நடந்தன. இங்கிலாந்தில் 'மைண்ட்' என்னும் இதழில் சார்லஸ் டார்வின் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். 1839 டிசம்பரில் பிறந்த தம் மூத்த மகன் எப்போது சிரித்தான், எதைக் கண்டு பயந்தான், முதலில் எப்போது கோபப்பட்டான் என்று தாம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருந்ததை முப்பத்தேழு ஆண்டுகள் கழித்துத் தூசி தட்டி எடுத்துத் தந்திருந்தார். அதே மாதம் 11ஆம் தேதி, பூஞ்ஞாறு அரச குடும்பத்தார் கண்ணன் தேவன் மலைகளை ஜான் டேனியல் மன்றோ என்ற வெள்ளைக்காரருக்கு எழுதிக் கொடுத்தனர்.

முன்னது குழந்தை வளர்ச்சி பற்றிய அறிவியலின் தொடக்க நூல்களில் ஒன்றாக இன்றும் பேசப்படுகிறது. பின்னதன் விளைவாகத் திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் பக்கத்து மக்கள் கங்காணிகளின் பின்னால் போடி வழியாக மலையேறினார்கள். ஒரே மாதத்தில் நடந்தது தற்செயல்தான். ஆனால் மனித வாழ்நாளை ஆராயும் அந்த அறிவியலும், இந்த மலைகளில் வாழ்ந்த மனிதரும் இன்றுவரை சரியாகச் சந்தித்துக்கொள்ளவே இல்லை. இக்கட்டுரை எழுதக் காரணம் அதுவே.

வாழ்நாளைப் பருவங்களாகப் பிரித்துப் பார்ப்பது தமிழருக்குப் புதிதல்ல. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் பாடிய குலோத்துங்க சோழன் பிள்ளைத்தமிழ்தான் நமக்குக் கிடைத்துள்ள பிள்ளைத்தமிழ் நூல்களில் மூத்தது. மூன்றாம் மாதத்தில் காப்பு, ஐந்தில் செங்கீரை, ஏழில் தால், ஒன்பதில் சப்பாணி, பதினொன்றில் முத்தம், பதின்மூன்றில் வாரானை என்று இரண்டிரண்டு மாத இடைவெளியில் பத்துப் பருவங்கள். கையூன்றித் தலையெடுத்து ஆடுவது செங்கீரை. கை கொட்டுவது சப்பாணி. தத்தித் தத்தி நடந்து வருவது வாரானை. இன்றைய குழந்தை மருத்துவர் சுவரில் மாட்டியிருக்கும் வளர்ச்சி அட்டவணையை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், பெரிய வித்தியாசம் இராது. யாரோ பல பிள்ளைகளைப் பொறுமையாகப் பார்த்திருக்கிறார்கள். பெரும்பாலும் பாட்டிமார்களாக இருக்கும். பெயர் மட்டும் புலவருக்குப் போயிற்று!

உலா நூல்கள் பெண்ணுக்கு ஏழு பருவம் வகுக்கின்றன. பேதை ஐந்து வயதில் தொடங்கும்; பேரிளம்பெண் நாற்பதோடு முடியும். நாற்பதுக்குப் பிறகு? உலாவில் அவளுக்கு இடமில்லை. வீதியில் வரும் தலைவனைக் கண்டு மயங்குவதற்கான கணக்கு அது. கொளுந்து கிள்ளுகிற பெண்ணுக்கு நாற்பதுக்குப் பிறகுதான் முட்டுவலியும், மகள் கல்யாணமும், சொசைட்டிக் கடனும்.

மலையின் பழங்குடிகளான முதுவர்களுக்கும் தனிக் கணக்கு உண்டு. பையன் ஒரு பிராயம் வந்ததும் வீட்டில் படுப்பதில்லை. இளைஞர்களுக்கான சாவடிக்குப் போய்விடுவான். உறுமால் கட்டும் சடங்கு முடிந்தால் அவன் ஆண்பிள்ளை. இங்கே ஆண்டுக்கணக்கு முக்கியமல்ல, சமூகம் ஒப்புக்கொள்வதுதான் முக்கியம்.

மேலைநாட்டார் விஷயத்துக்கு வருவோம். அமெரிக்கரான ஸ்டான்லி ஹால் 1904இல் வளரிளம் பருவத்தைப் பற்றிப் பெருநூல் எழுதினார். தமக்கு வயதானபின் 1922இல் முதுமையைப் பற்றியும் எழுதினார். எரிக் எரிக்சன் 1950இல் வாழ்நாள் முழுவதையும் எட்டுக் கட்டங்களாகப் பகுத்தார். பின்னர் அகமதாபாத்துக்கு வந்து, 1918ஆம் ஆண்டு ஆலைத்தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் காந்தி நடந்துகொண்ட முறையை அந்தக் கண்ணோட்டத்தில் ஆராய்ந்து 1969இல் ஒரு நூல் எழுதினார். ஜெர்மானியரான பால் பால்டஸ், வளர்ச்சி என்பது இருபது வயதோடு நின்றுவிடுவதில்லை, கடைசி மூச்சு வரை பெறுவதும் இழப்பதும் சேர்ந்தே நடக்கிறது என்று வாதிட்டார். அதோடு முக்கியமான இன்னொன்றும் சொன்னார்: மனிதனை வளர்ப்பது வயது மட்டுமல்ல, அவன் பிறந்த காலமும்தான்.

ஆனால் நம் எஸ்டேட்டுகளை ஆண்ட வாழ்நாள் கோட்பாடு இவை எதுவுமில்லை. அது 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம். முதலில் எழுதப்பட்டபடி, பன்னிரண்டு நிறையாத பிள்ளையை வேலைக்கு வைக்கக்கூடாது. பதினைந்து நிறையாதவர் குழந்தை. பதினைந்து முதல் பதினெட்டு வரை வளரிளம் பருவத்தினர். அதற்கு மேல் பெரியவர். ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் குழந்தைகள் காப்பகம். குழந்தைத் தொழிலாளர் பற்றிய 1986ஆம் ஆண்டுச் சட்டம் வந்தபோது இதில் மாற்றங்கள் நடந்தன. ஓய்வு வயது 58. ஒட்டக்கூத்தரின் பருவங்கள் போலவே இதுவும் ஒரு பருவப் பகுப்புத்தான். ஒரே வித்தியாசம், இந்தப் பருவம் ஒவ்வொன்றிலும் கூலி மாறும்.

இங்கே என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

என் தாயார் பீர்மேடு வட்டாரத்து எஸ்டேட் லயம் ஒன்றில் பிறந்தவர். எப்போது என்று ஆச்சியிடம் கேட்டால், "கேரளா ஆனதுக்கு முந்தின வருசம், ஆடி மழையில" என்பார். கேரளம் உருவானது 1956 நவம்பர் 1. ஆகவே அம்மா பிறந்தது 1955. தாத்தா நெஞ்சுநோயில் படுத்ததும் 1969இல் அம்மாவைப் பேர் பதிய அழைத்துப் போனார்கள். பதினாலு வயது. சட்டப்படி குழந்தை, அரைக்கூலி. கணக்குப்பிள்ளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பெரியாளாவே போட்டுக்கிடுதேன், முழுக்கூலி கிடைக்கும், சரியா?" என்றாராம். ஆச்சி கையெடுத்துக் கும்பிட்டாராம். 1951இல் பிறந்ததாகப் புத்தகத்தில் ஏறிற்று.

அந்தக் கும்பிடுக்கான விலை 2009இல் தெரிந்தது. ரிக்கார்டு வயசு 58, உள்ள வயசு 54. நான்கு வருஷக் கூலி போயிற்று. அதைவிட, லயத்து வீட்டைச் சாவி கொடுத்துவிட்டு இறங்க வேண்டியதாயிற்று. "இன்னும் நாலு வருசம் கிள்ளுவேன் சாமி, கையப் பாருங்க" என்று ஆபீசில் கேட்டுப் பார்த்தார். கையைப் பார்த்து வயது சொல்லும் வழக்கம் அங்கே இல்லை. அன்று ஏமாற்றியவரும் யாருமில்லை, நல்லெண்ணத்தோடு செய்த காரியம். ஆகவேதான் யாரிடமும் சண்டை போடவும் முடியவில்லை.

இது என் வீட்டுக் கதை மட்டுமென்றால் மலரில் எழுத மாட்டேன். வாழ்நாள் ஆய்வில் முதற்கேள்வியே வயது என்ன என்பதுதான். அது பிசகினால் மேலே கட்டுவதெல்லாம் பிசகும். மக்கட்தொகை அறிஞர்கள் இதை நன்கறிவார்கள். வயது தெரியாதவர்கள் 'நாப்பது', 'நாப்பத்தஞ்சு' என்று பூஜ்யத்திலும் ஐந்திலும் முடித்துச் சொல்வார்கள். இந்தக் குவிதலை அளக்க விப்பிள் என்ற அமெரிக்கப் பொறியாளர் ஒரு குறியீட்டெண் வகுத்தார். 23 வயது முதல் 62 வரை சொன்னவர்களை எடுத்துக்கொள்வது. குவிதலே இல்லையென்றால் 100, எல்லோருமே பூஜ்யத்திலும் ஐந்திலும் சொன்னால் 500.

படித்தவர்கள் பட்டியலில் வேறு விதமான குவிதல். நான் சித்தூர் வட்டாரத்துப் பள்ளியில் ஆசிரியராக இருந்தவன். சேர்க்கைப் பதிவேட்டைத் திறந்தால் பக்கம் பக்கமாக மே மாதப் பிறப்பு. ஜூனில் பள்ளி திறக்கும்போது ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டுமே! அதனால்தான் கேரளத்தில் ஆண்டுதோறும் மே 31 அன்று ஆயிரக்கணக்கான அரசு ஊழியர்கள் ஒரே நாளில் ஓய்வு பெறுகிறார்கள். இதற்கு நேர்மாறாக, பாலக்காட்டு அக்ரகாரங்களில் நாழிகை, விநாழிகை வரை ஜாதகம் குறித்து வைத்து, அறுபது நிறைந்ததும் மாலை மாற்றிக்கொள்கிறார்கள். வயது துல்லியமாகத் தெரிவதும் ஒரு சொத்து. அது எல்லோருக்கும் பங்கு வைக்கப்படவில்லை.

சரி, ஆச்சி சொன்ன 'கேரளா ஆனதுக்கு முந்தின வருசம்' நம்பத்தகுந்ததா? நம்பலாம். அதற்கு முறையியலில் நிகழ்ச்சி நாட்காட்டி என்று பெயர். ஊரறிந்த சம்பவங்களை வரிசைப்படுத்தி, அதற்கு முன்னா பின்னா என்று கேட்டு வயதை நெருங்குவது. இடுக்கி மலைக்கு அப்படியொரு நாட்காட்டி சுலபமாகப் போடலாம். 1924 ஜூலைப் பெருவெள்ளம், அதாவது மூணாற்றுக் குட்டி ரயிலைக் கொண்டுபோன 'தொண்ணூத்தொம்பது வெள்ளம்' (கொல்லம் ஆண்டு 1099). 1956 மாநிலப் பிரிவினை. 1972 ஜனவரி 26இல் இடுக்கி மாவட்டம் பிறந்தது. 2015 செப்டம்பரில் மூணாற்றுப் பெண்கள் திரண்ட பெம்பிளை ஒருமைப் போராட்டம். 2018 வெள்ளம். 2020 ஆகஸ்டு 6 இரவு பெட்டிமுடி.

பெட்டிமுடியில் லயங்கள் மண்ணோடு போய் எழுபது பேர் மாண்டனர். நால்வர் உடல் கிடைக்கவேயில்லை. பலருக்கும் பூர்வீகம் கயத்தாறு பக்கம். அமெரிக்க அறிஞர் க்ளென் எல்டர், 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் வளர்ந்த பிள்ளைகளைப் பற்றி 1974இல் எழுதிய நூலிலும் அதன் தொடர்ச்சியான ஆய்விலும் ஒன்றைக் காட்டினார். அதே வறுமை, பத்து வயதைத் தாண்டியிருந்தவர்களை ஒரு விதமாகவும் கைக்குழந்தைகளாக இருந்தவர்களை வேறு விதமாகவும் தொட்டது. சிறுவயதிலேயே அகப்பட்ட ஆண்பிள்ளைகளுக்குத்தான் அடி பலம். அன்றிரவு அம்மலையில் மூன்று வயதாக இருந்த பிள்ளையும் பதின்மூன்று வயதாக இருந்த பிள்ளையும் முப்பது வயதில் எப்படி இருப்பார்கள் என்பது சொல்லித் தெரிகிற விஷயமல்ல, கூடவே இருந்து பார்க்க வேண்டிய விஷயம்.

இதில்தான் முறை முக்கியமாகிறது. ஒரே சமயத்தில் பல வயதினரைப் பார்த்து ஒப்பிடுவது ஒரு வழி. ஒரே கூட்டத்தாரை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்வது மற்றொரு வழி. முதல் வழியில் செலவு குறைவு. ஆனால் லயத்தில் அது பெரிய பொய் சொல்லும். ஆய்வாளர் ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு லயத்துக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். பிள்ளைகள் இருப்பார்கள், வேலையாட்கள் இருப்பார்கள். முதியவர்கள் குறைவாகவே இருப்பார்கள். இருப்பவர்களும் மகனோ மகளோ அங்கேயே வேலையில் உள்ளவர்கள், ஓரளவு கவனிப்பாரும் உள்ளவர்கள். பணிக்கொடையை வாங்கிக்கொண்டு கம்பத்துக்கும் தென்காசிக்கும் இறங்கிப்போய், வாடகை வீட்டில் கஷ்டப்படுகிறவர் அவர் கண்ணில் படவே மாட்டார். 'தோட்டத்து முதியோர் ஓரளவு நலமாக உள்ளனர்' என்று அறிக்கை எழுதிவிட்டு ஜீப்பேறிப் போகலாம்!

பின்தொடர்வது முடியாத காரியமா? ஹவாய்த் தீவுக்கூட்டத்தில் கவாய் என்றொரு தீவு. அன்று கரும்புத் தோட்டங்கள் நிறைந்திருந்தது. பிழைக்க வந்தவர்களின் சந்ததியார் வாழும் இடம். 1955இல் அங்கே பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னரும் ரூத் ஸ்மித்தும் 1, 2, 10, 18, 32, 40 வயதுகளில் தேடிப்பிடித்துப் பார்த்தார்கள். ஏறக்குறைய மூன்றிலொரு பங்கினர் வறுமை, பிறப்புச் சிக்கல், குடும்பச் சண்டை என்று பல இடர்களோடு பிறந்தவர்கள். அவர்களிலும் மூன்றிலொருவர் திறமும் பரிவும் உள்ளவர்களாக வளர்ந்தனர். பெற்றோர் கைவிட்டாலும், மனசார அன்பு காட்டும் ஒரு பெரியவராவது, அது பாட்டியோ ஆசிரியரோ, கிடைத்ததுதான் அதற்கான காரணங்களில் முக்கியமானது என்று கண்டார்கள். என் தாயார் பிறந்த அதே வருஷம். அதே தோட்ட வாழ்க்கை. அங்கே எண்ணினார்கள், இங்கே எண்ணவில்லை.

ஆனால் பிந்திப்போயிற்று என்று சொல்வதற்கில்லை. மைசூர் ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனையில் 1934 முதல் பிறந்த குழந்தைகளின் எடை, நீளம், தலைச்சுற்றளவு எல்லாம் பழைய பதிவேடுகளில் இருந்தன. 1990களில் ஆய்வாளர்கள் அவற்றை வைத்துக்கொண்டு, அப்படிப் பிறந்தவர்களை ஊரில் தேடிக் கண்டுபிடித்து, பிறந்தபோது இருந்த நிலைக்கும் பிற்காலத்தில் வரும் இருதய நோய், சர்க்கரை நோய்க்கும் உள்ள உறவை ஆராய்ந்தார்கள். பழைய நோட்டுக்கு உயிர் வந்தது. எஸ்டேட் ஆஸ்பத்திரிகளிலும் பேறுகாலப் புத்தகங்கள் இருந்தன. நான் பார்த்திருக்கிறேன். ஓர் எஸ்டேட் டிஸ்பென்சரியை ஒழுங்குபடுத்தியபோது பழைய புத்தகங்களைக் கட்டுக்கட்டாக எடைக்குப் போட்டதையும் பார்த்தேன். ஒரு கட்டையாவது வாங்கியிருக்கலாம். அன்று தோன்றவில்லை.

நம் சங்கத்து உறுப்பினர் வீடுகளில் பழைய பற்றுச்சீட்டு, ஞானஸ்நானச் சீட்டு, பேறுகால அட்டை எது இருந்தாலும் ஒரு படி எடுத்துச் சங்க நூலகத்தில் வைக்கலாம் என்பது என் விண்ணப்பம். உயிரோடிருக்கும் மூத்தவர்களிடம் நிகழ்ச்சி நாட்காட்டி கொண்டு வயது கேட்டு எழுதும் வேலையை நானே சித்தூர், கொழிஞ்சாம்பாறை பக்கம் தொடங்கியிருக்கிறேன்.

அம்மா இப்போது என்னோடு இருக்கிறார். சுகாதாரப் பணியாளர் பெண் வந்து வயதைக் கேட்டாள். அம்மா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "எது வேணும் தாயி, ஆதார்ல உள்ளதா, எனக்கு உள்ளதா?" என்றார். அந்தப் பெண் சிரித்துவிட்டு ஆதாரில் உள்ளதையே எழுதிக்கொண்டு போனாள்.