கொடுவாயும் கொடுவாவும்: நம் கடனீரேரித் தூண்டிலின் கதை

நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் கொடியேறிவிட்டால் இருபத்தைந்து நாட்களுக்கு யாழ்ப்பாணத்து மீன்சந்தைகளில் சந்தடி குறைந்துவிடும். மச்சம் புழங்கும் வீடுகளிலும் மீன்சட்டி கழுவிக் கவிழ்த்து வைக்கப்படும். திருவிழா நிறைவெய்தி, வைரவர் மடையும் முடிந்த மறுநாட் காலையில் அதே சட்டியை நிமிர்த்துவதற்கு நம்மவர் காட்டும் அவசரம் தனியாக எழுதப்பட வேண்டிய விடயம்.

நான் வசிப்பது நல்லூரில். கோயில் வீதியிலிருந்து தெற்கே நடந்தால் மூன்று கிலோமீற்றருக்குள் பாசையூர்க் கரை வந்துவிடும். ஆயினும் நல்லூரில் இருந்துகொண்டு வரலாறு எழுதியவர்கள் எவரும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்ததாகத் தெரியவில்லை. அரசர் பெயர்கள் நமக்கு மனப்பாடம். 1619 இல் நல்லூர் வீழ்ந்ததும், 1621 இல் பிலிப் டி ஒலிவேரா கோயிலை இடித்துத் தலைநகரையும் இடம் மாற்றியதும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஒல்லாந்தர் காலத்தில் எழுந்த யாழ்ப்பாண வைபவமாலையில் மீன்பிடிப்போர் வருகிறார்கள். ஆனால் எப்படி வருகிறார்கள்? கீரிமலையில் மீன்பிடித்துவந்த முக்குவர்கள் அங்கிருந்து அகற்றப்பட்ட கதையாக வருகிறார்கள். அவர்கள் எதைக்கொண்டு பிடித்தார்கள், எந்த மீனைப் பிடித்தார்கள் என்பதெல்லாம் புலவருக்கு வேண்டாத சங்கதி.

வேண்டிய சங்கதியாக அதைக் கருதிய புலவர் ஒருவர் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே இருந்திருக்கிறார். பெரும்பாணாற்றுப்படை பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார் தூண்டிற்காரன் ஒருவனைக் காட்டுகிறார். தோளில் இரை நிறைந்த தோற்பை, கையில் நீண்ட மூங்கிற்கோல், கோலின் நுனியில் கட்டிய நாண், நாணின் முனையில் இரும்பு முள். வாளைமீன் இரையைக் கௌவி இழுத்துக்கொண்டு தப்பிவிடுகிறது. தப்பிய மீன் அதன்பின் நீரோரத்துப் பிரம்பின் நிழல் அசைவதைக் கண்டும் வெருள்கிறதாம். உவமைச் சுவைக்காக இவ்வடிகளை விதந்துரைத்த தமிழாசிரியர்கள் பலர். ஆனால் தூண்டில் பிடித்தவர்களுக்கு இது உவமை அன்று, பாடம். ஒருமுறை குத்துப்பட்ட மீன் அந்த இடத்தில் மீண்டும் இலகுவில் இரையெடுக்காது. கரையில் நிற்பவனின் நிழல் நீரில் விழக்கூடாது. இன்று ஆயிரக்கணக்கில் செலவிட்டு மேலைநாட்டார் நடத்தும் தூண்டிற் பயிற்சிகளிலும் முதல்நாள் சொல்லித்தருவது இதையேதான்.

அப்புலவர் தூண்டில் முள்ளின் வளைவைச் சுட்டுவதற்குக் கையாளும் சொல் ‘கொடுவாய்’. வளைந்த வாய் என்று பொருள். நம் கடனீரேரியின் மிகச் சிறந்த தூண்டில் மீனுக்கும் ஏறத்தாழ அதே பெயர்தான்: கொடுவா. கொடுவாய் என்பதன் மரூஉ என்றே கொள்ளத் தோன்றுகிறது. சிங்களத்தில் மோதா. வங்காளிகளுக்குப் பேட்கி. கல்கத்தா வெள்ளையர் காக்கப் என்றார்கள். அவுஸ்திரேலியாவிலுள்ள நம் உறவினர்கள் பரமுண்டி என்று வாங்கிச் சமைப்பதும் இதையேதான். ஜேர்மானிய அறிஞர் புளொக் 1790 இல் இதற்கு அறிவியற் பெயர் வைத்தார். ஆங்கிலத்தில் இது ஆசியக் கடல் பாஸ். பாஸ் என்ற சொல்லை வைத்து ஆங்கிலேயர் ஒன்றுக்கொன்று உறவில்லாத பத்துப் பன்னிரண்டு மீன்களை அழைக்கிறார்கள். ஒன்ராறியோவின் சிம்கோ ஏரியில் நம் பிள்ளைகள் பிடிக்கும் பாஸ் நன்னீர் மீன். கொடுவாவுக்கு உறவே இல்லை. ஆனால் இரண்டின் குணமும் ஒன்று. மறைவில் நின்று, வருவதைப் பாய்ந்து விழுங்கும் குணம்.

சென்ற ஆண்டுகளில் பாசையூரில் எழுபது வயதைக் கடந்த கடற்றொழிலாளி ஒருவருடன் பல மாலைகள் பேசிக்கொண்டிருக்கும் வாய்ப்புக் கிடைத்தது. பத்திரிகைக்காரனிடம் மீனவர்கள் வழமையாகச் சொல்வது குறைகளைத்தான்; குறைகளும் இருக்கத்தான் செய்தன. அவற்றை ஒருவாறு பேசி முடித்தபின் தூண்டிலைப் பற்றிக் கேட்டேன். முகம் மாறிவிட்டது.

அவர் சொன்னவற்றின் சாரம் இது. கொடுவா நீந்தித் திரிந்து இரைதேடும் மீன் அல்ல. கண்டல் வேர், பாலத்துத் தூண், கல்லடுக்கு, வாய்க்கால் வந்து விழும் இடம், இப்படி ஏதாவதொன்றின் ஓரத்தில் நீரோட்டம் அடிக்காத பக்கமாக நிற்கும். நீரோட்டம் இரையைக் கொண்டுவரும். அது வாயைத் திறக்கும். எனவே வற்றும் பெருக்கும் மாறுகிற அந்தச் சிறிய நேரமே தூண்டிலின் நேரம். நம் கடனீரேரி பெரும்பாலும் ஆழங்குறைந்தது. வற்றுப் பெருக்கின் உயர வேறுபாடும் சொற்பம். ஆகையால் பறுவத்தையும் அமாவாசையையும் ஒட்டிய நாட்கள், நீர் சற்று வேகமாக ஓடுவதால், விசேடமானவை. மாரி பிறந்து, மழைநீர் வாய்க்கால்களால் இறங்கும் நாட்கள் இன்னும் விசேடமானவை.

இரை உயிரோடு இருக்க வேண்டும். இறாலாயின் தலைமுள்ளுக்குப் பின்னே உள்ளே கரிய புள்ளிபோலத் தெரியும் இடத்தில் தூண்டில் முள் படலாகாது. பட்டால் இறால் உடனே செத்துவிடும். செத்த இறாலைக் கொடுவா பெரும்பாலும் திரும்பிப் பார்க்காது. மணலைக் குஞ்சாயின் முதுகுத் தோலில் மேலாகக் கோக்க வேண்டும். மீன் கௌவியதும் சுண்டியிழுப்பவன் புதியவன். ஒரு மூச்சளவு பொறுத்து, நூல் நகரத் தொடங்கியபின் இறுக்குபவன் தொழிலாளி. கௌவும்போது ‘டொப்’ என்று ஓர் ஓசை எழும். வாயை உள்ளிருந்து அகல விரித்து நீரோடு இரையையும் உறிஞ்சும் ஓசை அது. கடைசியாக, செவுள்மூடி. அதன் விளிம்பு கத்திபோன்றது. மீன் துள்ளித் தலையை உதறும்போது மெல்லிய நூல் அறுந்துவிடும். ஆகவே முள்ளுக்கு மேலே ஒரு முழத்துக்குத் தடித்த நூலோ கம்பியோ கட்டாமல் கொடுவாவுக்குப் போகக்கூடாது.

இதை எழுதிவைத்துக்கொண்டு, வெள்ளையர் எழுதியவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். சென்னை மாகாணத்தில் அதிகாரியாக இருந்த ஹென்றி சலிவன் தோமஸ் இந்தியத் தூண்டில் பற்றி 1873 இல் ஒரு நூலே வெளியிட்டார். தன் வேட்டைக்காக எழுதினார் என்றாலும் எழுதினாரே! இந்நாட்டு முத்துக்குளிப்பை ஆராய வந்து, பிற்பாடு சென்னை மாகாண மீன்வளத் துறைக்குத் தலைவராக இருந்த ஜேம்ஸ் ஹோர்னெல், நம் கரையோரத் தோணிகளையும் பொறிகளையும் வலைகளையும் வாழ்நாள் முழுதும் குறித்துவைத்தார். அவர்கள் கேட்டுக் குறித்ததை, பக்கத்து ஊரில் இருந்த நாம் கேட்கவில்லை. சாதியின் பெயரால் சில மனிதரையும் அவர்தம் அறிவையும் ஒருசேர விலக்கி வைத்ததே இதற்குக் காரணம் என்பதை நல்லூரில் இருந்துகொண்டு மறைக்க முடியாது.

பழைய தூண்டில் நூல் பருத்தி. நனைந்தால் பாரம், உலராவிட்டால் உக்கல். வலையும் அப்படித்தான், பட்டைச் சாயத்தில் தோய்த்தும், நாள்தோறும் மணலில் விரித்தும் காக்க வேண்டியிருந்தது. முள்ளோ நோர்வேயிலிருந்து வந்தது. மஸ்டாட் என்ற அந்த நிறுவனம் 1832 இல் ஆணி செய்யத் தொடங்கி, 1877 முதல் தூண்டில் முள்ளையும் இயந்திரத்தில் செய்தது. முள்ளின் இலக்கங்கள் புதியவர்களைக் குழப்பும். பத்து என்பது சிறியது, ஐந்து அதைவிடப் பெரியது, ஒன்று இன்னும் பெரியது. அதற்கு மேலே ஒன்றின்கீழ்ச் சுழி, இரண்டின்கீழ்ச் சுழி என்று எண் ஏற ஏற முள்ளும் பெரிதாகும். நல்ல கொடுவாவுக்கு இந்தச் சுழி வரிசைதான்.

நோர்வேயின் தொடர்பு முள்ளோடு முடியவில்லை. 1956 இல் நோர்வேயைச் சென்றடைந்த யாழ்ப்பாணத்தவரான அன்ரனி இராஜேந்திரம், அங்கே கண்ட மீன்பிடி முறைகளை ஊருக்குக் கொண்டுவர விரும்பினார். நோர்வே இளைஞர் அமைப்புகள் திரட்டிய நிதியோடு 1967 இல் காரைநகரில் சீநோர் உருவாயிற்று. படகு கட்டினார்கள். பின்னர் குருநகரில் வலைத் தொழிற்சாலையும் எழுந்தது. அந்த வழியைப் பிடித்து நோர்வேக்குப் படிக்கப் போனவர்களுள் பலர், போர் மூண்டபின் வடமுனையில் பின்மார்க்கின் மீன் பதனிடும் ஆலைகளில் வேலைக்கு நின்றார்கள். யாழ்ப்பாணத்தில் மீன் தொட்டறியாத குடும்பத்துப் பிள்ளைகளும் அங்கே கொட் மீன் வெட்டினார்கள். இதைப் பற்றி நம் ஊரில் அதிகம் பேசப்படுவதில்லை.

நைலோன் வந்தபோது உண்மையிலேயே அது தொழிலாளிக்கு விடுதலை. உலர்த்தவேண்டாம், உக்காது. ஆனால் நூலுக்கு வந்த நைலோன் வலைக்கும் வந்தது. கண்ணுக்குத் தெரியாத தங்கூசி வலை கடனீரேரியில் பரவியதும், மறைவில் நிற்கும் மீனைத் தேடிப்போகும் அறிவு தேவையற்றதாயிற்று. தடிகளை நட்டு இரவிரவாக நிறுத்திவைக்கும் சிறகுவலையும் குஞ்சு குருமான் எல்லாவற்றையும் ஒருங்கே வளைத்தது. 2006 முதல் தங்கூசி வலைக்குச் சட்டத் தடை உண்டு. தடை இருப்பதும் வலை இருப்பதும் கரைக்குப் போனவர்கள் அறிந்த சேதிகள்.

இடையில் போர். 1990 ஜூனில் மீண்டும் மூண்ட போரோடு எரிபொருள் தடை வந்தது. கடற்றொழிலுக்கும் தடைகள் வந்தன. கிளாலியில் அதே கடனீரேரி, மக்கள் உயிரைக் கையிற் பிடித்துக்கொண்டு இரவில் கடக்கும் பாதையாயிற்று. படகு இயந்திரங்கள் முடங்கிய அந்நாட்களில் கரையோரத்தில் கைத்தூண்டிலோடு நின்றவர்களை நான் கண்டிருக்கிறேன். தொழிலுக்காக நிற்கவில்லை; அன்றைய கறிக்காக நின்றார்கள்.

1950களில் தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் எழுந்த தடுப்பணைகளையும் இக்கதையிலிருந்து விடமுடியாது. ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ என்ற பொறியியலாளர் ஆறுமுகம் அவர்களின் கனவின் அங்கங்கள் அவை. உவர்நீரை வெளியே நிறுத்தி நன்னீரைத் தேக்குவது நோக்கம், நல்ல நோக்கம். ஆனால் கொடுவா உவர்ப்புக் கூடிய கடல்வாயில் முட்டையிடும். குஞ்சுகள் கழிமுகத்துக்கும் உட்புறச் சதுப்புக்கும் ஏறி வளரும். மூடிய மதகு அவற்றுக்கு மூடிய கதவு.

இனி இம்மீனைப் பற்றிய மிக விநோதமான உண்மைக்கு வருகிறேன். 1979 இல் பப்புவா நியூகினியில் ஆராய்ந்த மூர் என்பவர் வெளிப்படுத்தினார்: கொடுவாக்களிற் பெரும்பாலானவை முதலில் ஆணாகவே முதிர்கின்றன, சில ஆண்டுகள் ஆணாக வாழ்ந்தபின் பெண்ணாக மாறுகின்றன. வட அவுஸ்திரேலியாவில் இம்மாற்றம் ஏறத்தாழ 80 முதல் 100 சென்ரிமீற்றர் நீளத்தில் நிகழ்கிறது. ஆசியக் கரைகளில் சில பிறப்பிலேயே பெண்ணாக இருப்பதும் உண்டு. பொதுவிதி இதுதான்: பெரியவை யாவும் தாய்மீன்கள். மிகப் பெரிய தாயின் வயிற்றில் முட்டைகள் கோடியைத் தாண்டும். குஞ்சுகளை வலை அள்ளினால் ஆண்கள் முதிர்வதில்லை. ஆண்கள் முதிராவிட்டால் பின்னர் தாய்களும் இல்லை.

இதனால்தான் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் 58 சென்ரிமீற்றருக்குக் குறைந்ததையும் 120 ஐக் கடந்ததையும் எடுக்கக்கூடாது என்று விதித்திருக்கிறார்கள். ஒன்ராறியோவின் பாஸ் மீனுக்கு வேறு நியாயம்: வசந்தத்தில் தந்தைமீன் கூட்டைக் காவல்காக்கும்; அதைத் தூண்டிலில் எடுத்துவிட்டால் குஞ்சுகளை மற்ற மீன்கள் சில நிமிடங்களில் தின்று தீர்த்துவிடும். எனவே அந்நாட்களில் மீன்பிடி மூடப்பட்டிருக்கும். இவ்விதிகள் தூண்டிலுக்குப் பொருந்தும். தூண்டில்காரன் மீனைப் பார்த்து, அளந்து, உயிரோடு திருப்பி விடலாம். இரவு முழுவதும் செவுளில் மாட்டிக் கிடந்த மீனை வலைக்காரன் எப்படித் திருப்பி விடுவான்?

சென்னை உவர்நீர் ஆய்வு நிறுவனம் 1997 இல் கொடுவாவைத் தொட்டியில் இனம்பெருக்கச் செய்தது. திருகோணமலையில் கூடுகளில் வளர்க்கிறார்கள். விடுதி மேசைகளுக்கு அது போதும். கடனீரேரிக்குப் போதாது.

இப்போது விடுமுறைக்கு வரும் வெளிநாட்டுப் பிள்ளைகள் சிலர் மடக்குக் கோலும் பொய்மீனுமாகப் பண்ணைப் பாலத்தடியில் நிற்கக் காண்கிறேன். பின்லாந்தில் லோரி ரப்பாலா என்ற ஏழை மீனவர் 1936 இல் தக்கையைச் செதுக்கி, சொக்கிலேற் தாளைச் சுற்றி, பழைய புகைப்படச் சுருளை உருக்கிப் பூசிச் செய்த பொய்மீனின் வழித்தோன்றல்கள் அவை. காயம்பட்ட மீன்போலத் தள்ளாடி நீந்தும். இழுத்துக்கொண்டே இருப்பதைவிட இரண்டு சுற்று இழுத்து, நிறுத்தி, மிதக்கவிட்டால்தான் கொடுவா பாயும் என்று ஒரு பையன் எனக்கு விளக்கினான். இதைப் பாசையூர்ப் பெரியவரிடம் சொன்னேன். “அது சரிதான். செத்த இறாலையும் அப்பிடித்தான் ஆட்டோணும்,” என்றார்.

கோலுயரக் கொடுவாவைக் கடைசியாக எப்போது கண்டார் என்று கேட்டேன். யோசித்துவிட்டு, “சீநோர் வள்ளத்திலை போன காலம்,” என்றார்.