வழுக்கும் சக்கரமும் பழைய இரும்புக் கடையும்



மழைக்காலத்தில் தோட்டத்துச் செம்மண் சாலையில் லோரி ஒன்று சேற்றில் சிக்கிக்கொள்வதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். ஓட்டுநர் எண்ணெயை அழுத்துகிறார். இயந்திரம் அலறுகிறது. ஆனால் பின்சக்கரங்களில் ஒன்று மட்டுமே சேற்றை வாரி இறைத்துக்கொண்டு சுழல்கிறது. கெட்டித் தரையில் நிற்கும் மற்றச் சக்கரமோ அசைவதே இல்லை. பிடிப்புள்ள கால் சும்மா நிற்க, பிடிப்பில்லாத கால் வீணாக உதைத்துக்கொள்கிறது. இது ஏன்? இதற்கு மாற்றுக் கண்டவர்கள் யார்? அந்த மாற்றுக் கருவியைத் தேடி இன்று பழைய கார்ப் பிரியர்கள் ஏன் பழைய இரும்புக் கடைகளில் அலைகிறார்கள்? இன்றைய உரையில் இவற்றைக் காண்போம்.

ஒரு கார் வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிகத் தொலைவும் உட்பக்கச் சக்கரம் குறைந்த தொலைவும் ஓட வேண்டும். இரண்டையும் ஒரே அச்சில் இறுகப் பூட்டிவிட்டால் ஏதேனும் ஒரு டயர் தரையில் இழுபடும். ஆகவே, இரண்டு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல வழிசெய்யும் பல்சக்கரத் தொகுதி ஒன்று அச்சின் நடுவே அமைக்கப்பட்டது. அதுவே டிஃபரென்ஷியல். பிரான்சு நாட்டைச் சேர்ந்த ஒனேசிஃபோர் பெக்கர் என்னும் கடிகாரத் தொழிலாளர், நீராவி வண்டிக்காக 1820-களின் பிற்பகுதியில் இதற்குக் காப்புரிமை பெற்றார். பெட்ரோல் கார்கள் தோன்றுவதற்கு அரை நூற்றாண்டுக்கு மேல் முந்திய காலம் அது!

இந்த அமைப்பில் ஒரு குறை உண்டு. இது இரு சக்கரங்களுக்கும் சமமான முறுக்கு விசையையே தரும். ஒரு சக்கரம் சேற்றில் நின்று மிகச் சிறிய விசைக்கே சுழன்றுவிட்டால், மற்றச் சக்கரத்துக்கும் அதே சிறிய விசைதான் கிடைக்கும். லோரி நகராததன் காரணம் இதுதான்.

இந்தக் குறை சேற்றில் மட்டுமல்ல, பந்தயச் சாலையிலும் வெளிப்பட்டது. 1930-களில் ஃபெர்டினான்ட் போர்ஷே வடிவமைத்த ஆட்டோ யூனியன் பந்தயக் காரில் 16 சிலிண்டர் இயந்திரம் இருந்தது. அதன் வலிமையைத் தாங்காமல் பின்சக்கரம் ஒன்று, நல்ல வேகத்தில் ஓடும்போதுகூட வழுக்கிச் சுழன்றது. 1935-இல் போர்ஷே, ஜெர்மனியின் ஃபிரீட்ரிக்ஸ்ஹாஃபன் நகரிலுள்ள இசட்.எஃப். நிறுவனத்தை அணுகினார். செப்பலின் ஆகாயக் கப்பல்களுக்குப் பல்சக்கரம் செய்வதற்காக 1915-இல் தொடங்கப்பட்ட நிறுவனம் அது. ஒரு சக்கரம் மற்றதைவிட மிஞ்சிச் சுழல முயன்றால் அதைப் பிடித்து நிறுத்தும் டிஃபரென்ஷியல் ஒன்றை அது செய்து தந்தது. நம் பட்டறைகளில் 'எல்.எஸ்.டி.' என்று சுருக்கமாகச் சொல்லும் வழுக்கல் தடுப்பு டிஃபரென்ஷியல் இந்த வகையைச் சேர்ந்ததே.

பந்தயக் காரில் பழகிய கருவி 1956-இல் அமெரிக்கக் குடும்பக் கார்களுக்கு வந்தது. பேக்கார்டு நிறுவனம் முதலில் அதை 'ட்வின் டிராக்‌ஷன்' என்ற பெயரில் விற்றது. அடுத்த சில ஆண்டுகளில் ஷெவர்லே 'பாஸிட்ராக்‌ஷன்' என்றும், பாண்டியாக் 'சேஃப்-டி-டிராக்' என்றும், கிரைஸ்லர் 'ஷுர்-கிரிப்' என்றும் பெயர் சூட்டின. பெயர்கள் பல; வேலை ஒன்றே. பெரும்பாலானவற்றின் உள்ளே, கிளட்சில் இருப்பதுபோன்ற உராய்வுத் தகடுகள் அடுக்கப்பட்டிருக்கும். அவை அழுந்தி, வழுக்கும் சக்கரத்தைப் பிடித்து, பிடிப்புள்ள சக்கரத்துக்கும் விசையை அனுப்பும்.

நேயர்களே, இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தக் கருவி பெரும்பாலும் எல்லாக் கார்களிலும் பொருத்தப்பட்டு வரவில்லை. கூடுதல் பணம் கொடுத்துக் கேட்டவர்களுக்கே கிடைத்தது. கண்ணுக்குத் தெரியாத ஒரு பொருளுக்குப் பணம் தர எத்தனை பேர் முன்வருவார்கள்? ஆகவே, ஒரே மாதிரியான கார்கள் வரிசையாகக் கிடந்தாலும், அவற்றுள் சிலவற்றின் வயிற்றில்தான் இந்தப் புதையல் இருக்கும். கார் ஓய்ந்து பழைய இரும்புக் கடைக்கு, நாம் பேச்சுவழக்கில் சொல்லும் 'பெசி புரோக்' கடைக்கு, வந்து சேரும்போது அந்த இரகசியத்தையும் சுமந்துகொண்டே வருகிறது.

அமெரிக்காவில் இத்தகைய வாகனக் கிடங்குகளுக்கென்று தனி வரலாறு உண்டு. கார்கள் பெருகப் பெருக, நெடுஞ்சாலை ஓரமெங்கும் துருப்பிடித்த வண்டிகள் குவிந்தன. அந்தக் காட்சி நாட்டின் அழகைக் கெடுக்கிறது என்ற எண்ணம் வலுத்தது. அதிபர் லிண்டன் ஜான்சன் 1965 அக்டோபரில் நெடுஞ்சாலை அழகுபடுத்தும் சட்டத்தில் கையெழுத்திட்டார். முக்கிய நெடுஞ்சாலைகளிலிருந்து 1,000 அடிக்குள் இருக்கும் கிடங்குகள் மறைப்புப் போட வேண்டும் அல்லது அகற்றப்பட வேண்டும் என்றது அச்சட்டம். தொழிற்பேட்டைப் பகுதிகளுக்கு விலக்கு இருந்தது. அதே காலத்தில் முழுக் காரையும் விழுங்கித் துண்டுதுண்டாக்கும் இராட்சத இயந்திரங்களும் பரவின. முன்பு பல்லாண்டுகள் புல்லில் கிடந்த கார், சில நொடிகளில் உருக்காலைக்கு ஏற்ற இரும்புத் துண்டாக மாறியது. நிலம் தூய்மையானது உண்மைதான். ஆனால் பாகம் தேடுவோருக்குக் காலம் சுருங்கிவிட்டது.

அப்படியானால் தேடுவோர் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும் எனலாம். ஆனால் அது தகட்டின் எழுத்து! ஃபோர்டு அச்சுகளின் மூடியில் ஒரு போல்ட்டுடன் சிறிய உலோகத் தகடு மாட்டப்பட்டிருக்கும். அதில் '3.73' என்பதற்குப் பதிலாக '3எல்73' என்று, புள்ளியின் இடத்தில் ஆங்கில எழுத்து 'எல்' பொறித்திருந்தால் உள்ளே இருப்பது எல்.எஸ்.டி. பி.எம்.டபிள்யூ. கார்களில் எண்ணுக்கு முன்னால் 'எஸ்' என்ற எழுத்து இருக்கும். பூட்டு என்னும் பொருளுடைய ஜெர்மன் சொல்லின் முதலெழுத்து அது. ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில் 'ஜி80' என்ற குறியீட்டைத் தேட வேண்டும்.

தகடு தொலைந்துபோயிருந்தால் என்ன செய்வது? இரு பின்சக்கரங்களையும் தரையிலிருந்து தூக்கி, கியரை நியூட்ரலில் வைத்து, ஒன்றைக் கையால் சுழற்றிப் பார்க்கலாம். மற்றது எதிர்த்திசையில் சுழன்றால் அது பெரும்பாலும் சாதாரண டிஃபரென்ஷியல். இரண்டும் ஒரே திசையில் சுழன்றால் எல்.எஸ்.டி. எனினும் இந்தச் சோதனையை முழுதாக நம்பக் கூடாது. தகடுகள் தேய்ந்துபோன எல்.எஸ்.டி.யும், உராய்வுத் தகட்டை நம்பாத சில வகைகளும் சாதாரணமானதைப் போலவே நடந்துகொள்ளும். மூடியைக் கழற்றிக் கண்ணால் பார்ப்பதே உறுதி. வாங்கிய பின் தேய்ந்த தகடுகளை மாற்றி, அதற்கென உள்ள சேர்மானம் கலந்த எண்ணெயை ஊற்ற வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. எல்.எஸ்.டி. பொருத்திய காரின் ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி வைத்து, கியரில் போட்டு இயந்திரத்தை ஓட்டவே கூடாது. தரையில் இருக்கும் மற்றச் சக்கரம் காரைத் தள்ளிவிடும். கார் ஜாக்கியிலிருந்து பாய்ந்துவிடும்.

இப்பொழுது ஒரு நல்ல எடுத்துக்காட்டைப் பார்ப்போம். 1960-களின் ஃபோர்டு முஸ்டாங் கார்களைப் புதுப்பிப்போர் ஒரு காலத்தில் ஃபோர்டின் 9 அங்குல அச்சையே நாடினர். அது 1957-இல் வந்தது. 1980-களின் நடுப்பகுதியோடு தயாரிப்பு நின்றது. நாளடைவில் கிடங்குகளில் அது அரிதாகி விலையும் ஏறியது. அப்போது அவர்கள் கண்ணில் பட்டது ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் என்னும் குடும்ப வண்டி. 1995 முதல் 2001 வரை வந்த எக்ஸ்ப்ளோரரின் 8.8 அங்குல அச்சில் டிஸ்க் பிரேக் இருந்தது, தடித்த அச்சுத் தண்டுகள் இருந்தன, பலவற்றில் எல்.எஸ்.டி.யும் இருந்தது. சக்கரப் போல்ட்டுகளின் அமைப்போ எட்டு சிலிண்டர் முஸ்டாங்குக்கு உரியதேதான். ஒரு சிக்கல் மட்டும் உண்டு: அதன் பல்சக்கரப் பெட்டி நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கும். கைதேர்ந்தவர்கள் நீண்ட பக்கத்துக் குழாயைச் சுமார் 3 அங்குலம் வெட்டி ஒட்டி, இரு பக்கமும் குட்டைத் தண்டையே போட்டுச் சரிசெய்தார்கள். இரண்டாவது குட்டைத் தண்டுக்கு மீண்டும் கிடங்குக்கே போனார்கள்!

2009-இல் ஒரு திருப்பம் ஏற்பட்டது. பொருளாதார வீழ்ச்சியில் தவித்த அமெரிக்க அரசு, எண்ணெய் அதிகம் குடிக்கும் பழைய வண்டியைக் கொடுத்துப் புதிய வண்டி வாங்குவோருக்கு 3,500 அல்லது 4,500 டாலர் தந்தது. சில வாரங்களிலேயே ஏறத்தாழ 677,000 வண்டிகள் ஒப்படைக்கப்பட்டன. அவற்றுள் எண்ணிக்கையில் முதலிடம் பெற்றது எது தெரியுமா? நான்கு சக்கர இயக்கம் கொண்ட அதே ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர்! அவை மீண்டும் சாலைக்கு வராதபடி, இயந்திரத்தில் சோடியம் சிலிகேட் கரைசலை ஊற்றி ஓடவிட்டு அதை இறுகச் செய்தார்கள். பின் அச்சைத் தனிப் பாகமாக விற்கச் சட்டம் இடம் கொடுத்தது. ஆனால் கிடங்குக்காரருக்குக் கிடைத்த தவணை சில மாதங்களே. அதற்குள் கழற்றப்படாத அச்சு எதுவானாலும் வண்டியோடு சேர்ந்து நசுங்கியது.

இந்த வேட்டை அமெரிக்காவோடு நிற்பதுமில்லை. பழைய டாட்சன் 240 இசட் காரின் ஆர்-180 வகை டிஃபரென்ஷியலுக்கு, 2000-களின் சுபாரு எஸ்.டி.ஐ. காரிலிருந்து எடுத்த அதே வகை எல்.எஸ்.டி.யைப் பக்கத் தண்டு மாற்றிப் பொருத்துகிறார்கள். 'ஹாஃப் கட்' வணிகத்தை அறிந்த மலேசியப் பட்டறைக்காரர்களுக்கு இது வியப்பாக இராது.

இனி இந்தப் புதையல் பெருகுமா என்றால், பெருகாது. வழுக்கும் சக்கரத்தை மின்னணு முறையில் பிரேக் போட்டுப் பிடிக்கும் வழி வந்துவிட்டது. வண்டி தடம் புரளாமல் காக்கும் மின்னணுக் கட்டுப்பாடு, அமெரிக்காவில் 2012 மாதிரி முதல் எல்லாப் புதிய கார்களிலும் கட்டாயமாயிற்று. ஆகவே இரும்பால் ஆன எல்.எஸ்.டி. குறைந்த கார்களிலேயே வருகிறது. இருப்பவை உருக்காலைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன.

நேயர்களே, ஒரு நாட்டின் தொழில்நுட்ப வரலாறு அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டிகளில் மட்டும் இருப்பதில்லை. எண்ணெய்ப் பிசுக்கும் துருவும் மூடிய ஒரு தகட்டிலும் அது பொறிக்கப்பட்டிருக்கிறது. அந்தத் தகட்டைத் துடைத்துப் படிக்கத் தெரிந்தவர் கையில் அது பயன்படும் பொருள். தெரியாதவருக்கோ நிறுத்து விற்கும் இரும்பு. பாகங்கள் குறைவதைக் காட்டிலும், அவற்றைப் படிக்கத் தெரிந்த கண்கள் குறைவதே பெரிய இழப்பு. பட்டறையில் பழகும் இளைஞர்கள் மூத்தவர்களிடம் இந்த எழுத்துகளையும் கேட்டுக் கற்றுக்கொள்வார்களாக!