கொப்புள நோய்களுக்கான இரத்த ஆன்டிபாடி சோதனை

பெம்பிகஸ், பெம்பிகாய்டு போன்ற தன்னுடல் தாக்குக் கொப்புள நோய்களை, நோயாளியின் இரத்தச் சீரத்தில் உள்ள ஆன்டிபாடிகளை வைத்து அடையாளம் காணும் சோதனை. கிருமிகளை எதிர்க்க வேண்டிய ஆன்டிபாடி, இந்நோய்களில் தோலைப் பிணைத்து வைக்கும் புரதங்களையே தாக்குகிறது. பிணைப்பு விட்ட இடத்தில் நீர் கோத்துக் கொப்புளம் எழுகிறது. பெம்பிகஸில் மேல்தோலுக்குள்ளேயே பிளவு ஏற்படுவதால் கொப்புளம் தளர்ந்து எளிதில் உடையும். பெம்பிகாய்டில் பிளவு மேல்தோலுக்கு அடியில் விழுவதால் கொப்புளம் விறைத்து நிற்கும். முதியவர்களைத்தான் பெம்பிகாய்டு அதிகம் பிடிக்கும்.

அரிய நோய்கள்தான். கேரளத்தின் திருச்சூர் மாவட்டத்தில் ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் 4.4 பேருக்குப் புதிதாகப் பெம்பிகஸ் வருவதாக 2008-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. பலருக்கு நோய் வாய்ப்புண்ணாகவே தொடங்குவதால், பல் மருத்துவரிடமும் வைட்டமின் மாத்திரையிலுமே மாதங்கள் கழிந்துவிடுவதுண்டு.

ஒரு காலத்தில் மருத்துவரின் கண்ணே கருவி. 1947-இல் பிரான்ஸின் ஆர்னோ சாங்க், கொப்புளத்தின் அடிப்பகுதியைச் சுரண்டிக் கண்ணாடியில் தடவிப் பிரிந்த செல்களைக் காணும் முறையைப் பரப்பினார். செலவில்லாத இந்தச் சோதனை இந்திய மருத்துவமனைகளில் இன்றும் நடக்கிறது. பெம்பிகஸையும் பெம்பிகாய்டையும் வெவ்வேறு நோய்களாக வால்டர் லீவர் பிரித்துக் காட்டியது 1953-இல்.

இரத்தத்தின் பக்கம் பார்வை திரும்பியது 1964-இல். அமெரிக்காவின் பஃபலோவில் எர்னஸ்ட் பியூட்னரும் ராபர்ட் ஜோர்டனும் பெம்பிகஸ் நோயாளிகளின் சீரத்தில் ஆன்டிபாடிகளைக் கண்டனர். இந்த வகைச் சோதனையில் குரங்கின் உணவுக்குழாயை மெல்லிய சீவலாக வெட்டி, அதன்மேல் நீர்த்த சீரத்தை ஊற்றுவார்கள். கழுவிய பின், மனித ஆன்டிபாடியில் ஒட்டிக்கொள்ளும் ஒளிரும் சாயத்தைச் சேர்ப்பார்கள். பெம்பிகஸ் என்றால் ஒவ்வொரு செல்லின் விளிம்பும் பச்சையாக ஒளிர்ந்து மீன்வலை விரித்தாற்போலத் தெரியும்; பெம்பிகாய்டு என்றால் மேல்தோலின் அடியில் ஒரே கோடு. பெம்பிகாய்டுக்கான இந்தக் கோட்டை அதே குழு 1967-இல் பதிவு செய்தது. சீரத்தை எத்தனை மடங்கு வரை நீர்க்கச் செய்தாலும் ஒளிர்கிறது என்பதே ஆன்டிபாடியின் அளவு.

இந்த ஆன்டிபாடி நோயின் விளைவா, காரணமா? 1982-இல் கிராண்ட் அன்ஹால்ட் குழுவினர் நோயாளிகளின் ஆன்டிபாடியைப் பிறந்த சுண்டெலிக் குட்டிகளுக்குச் செலுத்தினர். குட்டிகளின் தோலில் கொப்புளம் எழுந்தது. காரணம்தான் என்பதற்கு அதற்குமேல் சான்று வேண்டியிருக்கவில்லை.

1991-இல் மசாயுகி அமகாய், ஜான் ஸ்டான்லி குழுவினர் பெம்பிகஸில் தாக்கப்படும் புரதத்தின் மரபணுவைப் பிரித்தெடுத்தனர். டெஸ்மோக்ளீன் 3 என்ற அந்தப் புரதத்தையும் அதன் உறவான டெஸ்மோக்ளீன் 1-ஐயும் ஆய்வகத்தில் தயாரிக்க முடிந்ததும், 1997-இல் அவற்றுக்கு எதிரான ஆன்டிபாடியை அளக்கும் எலிசா சோதனை வந்தது. குரங்குத் திசுவும் பழகிய கண்ணும் இல்லாமலே எண்ணாக விடை கிடைத்தது. விடையிலும் ஒரு நேர்த்தி உண்டு: டெஸ்மோக்ளீன் 3-க்கு மட்டும் ஆன்டிபாடி இருந்தால் பெரும்பாலும் வாயில் மட்டும் புண், இரண்டுக்கும் இருந்தால் வாயிலும் தோலிலும், டெஸ்மோக்ளீன் 1-க்கு மட்டும் என்றால் வாய் தப்பித்துத் தோல் உரியும் பெம்பிகஸ் ஃபோலியேசியஸ்.

இந்தியாவில் சிகிச்சை முந்தியது, சோதனை பிந்தியது. டில்லி எய்ம்ஸில் ஜே.எஸ். பஸ்ரிச்சா 1980-களிலேயே டெக்சாமெத்தசோன், சைக்ளோபாஸ்பமைடு பல்ஸ் சிகிச்சையை நிறுவிவிட்டார். இந்திய நோயாளிகளிடம் டெஸ்மோக்ளீன் எலிசாவை மதிப்பிட்ட எய்ம்ஸ், சண்டிகர் ஆய்வுகள் வெளியானது 2006-இல்தான்.

பெங்களூரில் வேரூன்றியது தோல் துண்டிலேயே ஆன்டிபாடியைத் தேடும் நேரடி ஒளிர்வுச் சோதனை. அந்நகரின் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியின் நோய்க்குறியியலாளர்கள், கொப்புள நோய்களில் அதன் பயனை 2007-இல் வெளியிட்டனர். இரத்தச் சோதனையின் வசதி வேறு: தோலை வெட்ட வேண்டாம், புறநகரில் ஊசியால் எடுத்த இரத்த மாதிரியைக் குளிரில் வைத்து எந்த ஆய்வகத்துக்கும் அனுப்பலாம்.

ஆனாலும் எண்ணை மட்டும் நம்புவதில்லை. பிரேசிலில் பெம்பிகஸ் பரவலாக உள்ள லிமாவோ வெர்டே பகுதியில், நோயே இல்லாதவர்களிடமும் டெஸ்மோக்ளீன் 1 ஆன்டிபாடி காணப்பட்டது. சிலருக்குப் புண் முழுதும் ஆறிய பிறகும் டெஸ்மோக்ளீன் 3 அளவு உயர்ந்தே நிற்கும். அதனால் சிகிச்சைக்குத் தரும் ஸ்டீராய்டைக் குறைக்கும் முன் மருத்துவர் சோதனை முடிவோடு நோயாளியின் வாயையும் தோலையும் பார்க்கிறார்.