பாரிஸ் கூரைகளின் தேனீப் பெட்டிகள்

பாரிஸ் நகரின் லக்சம்பர்க் தோட்டத்தில் 1856-இல் ஹென்றி ஹாமெட் ஒரு தேனீப் பண்ணையை நிறுவினார். அது விற்பனைக்காக அல்ல, தேனீ வளர்ப்பைச் சொல்லிக்கொடுக்க. இன்றும் அங்கே வகுப்புகள் நடக்கின்றன. நகரத் தேனுக்குப் பெரும்புகழ் வந்ததோ 1980களில்தான். ஓபரா கார்னியே அரங்கில் நாடகப் பொருள்களைக் கவனித்துவந்த ழான் போக்தோன், கிராமத்து வீட்டுக்கு வாங்கிய தேனீப் பெட்டியை அரங்கின் கூரையில் வைத்தார். யோசனை சொன்னவர் அங்கிருந்த தீயணைப்பு வீரர். அவரே நிலவறைத் தண்ணீர்த் தொட்டியில் மீன் வளர்த்தவராம்! சாலையோர லிண்டன் மரங்களும் பூச்சிமருந்து குறைந்த பூங்காக்களும் கைகொடுக்க, தேன் எதிர்பாராத அளவு கிடைத்தது.

பிறகு ஓட்டல்களும் நிறுவனங்களும் இயற்கையைக் காப்பதாகச் சொல்லிப் பெட்டிகளை வைத்தன. இந்த விளம்பரத்தில் ஒரு பிழை உண்டு. பெட்டித் தேனீ மனிதன் பேணும் உயிர். ஒரு கூட்டில் கோடையில் பல்லாயிரம் தேனீக்கள் இருக்கும், தீனிக்காகச் சில கிலோமீட்டர் பறக்கும். மண்ணிலும் நாணல் துளையிலும் தனித்து முட்டையிடும் காட்டுத் தேனீக்களில் பல, சில நூறு மீட்டரைத் தாண்டுவதில்லை. பாரிஸில் நடந்து 2019-இல் வெளியான ஆய்வு, 500 மீட்டர் ஆரத்துக்குள் பெட்டிகள் கூடிய இடங்களில் பெரிய தனித்தேனீக்களும் வண்டுகளும் பூக்களுக்கு வருவது குறைவதைக் காட்டியது. லண்டனின் சில பகுதிகளில் பெட்டிகளுக்கேற்ற பூக்கள் இல்லை என்று கியூ தாவரவியல் பூங்காவின் 2020 அறிக்கையும் எச்சரித்தது. பூச்செடிகளையும் வெற்று மண்ணையும் விட்டுவைக்காமல் பெட்டிகளை மட்டும் கூட்டுவது தேன் உற்பத்தியே தவிர, பாதுகாப்பு ஆகாது.